பத்து எண்ணுவதற்குள் மேட்

இந்த ஃபியஸ்தா திருவிழாப் பந்தயத்தில் திபோவைச் சதுரங்கத்தில் மண்ணைக் கவ்வ வைக்காவிட்டால் என் பெயர் பெர்ஃபெக்தோ இல்லை என்று சலூனில் நாலு பேர் கேட்கச் சபதம் போட்டேன்.

"அப்போ வேற பேரு இப்பவே யோசிச்சு வைய்யா, கும்பாரே," என்றான் திபோ. சலூன் அவனுடையது. என் மூத்த பையனுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான்; அந்த உறவில்தான் இந்தக் கும்பாரே. கத்தி அவன் கையில் இருந்தது, கழுத்து என்னுடையதாக இருந்தது.

எனக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. வேகம்தான் இல்லை. என் மூளை எங்கள் ஊர் ஜீப்னி வண்டி மாதிரி, ஆள் நிரம்பாமல் கிளம்பாது. அது கிளம்புவதற்குள் திபோ இரண்டு பேருக்கு முடிவெட்டி, என் ராஜாவையும் வெட்டிவிடுவான்.

இதற்கு ஒரே வழி சதுரங்கப் புதிர்கள் என்று கண்டுபிடித்தேன். ஒரு பழைய புதிர்ப் புத்தகம் கிடைத்தது. புதுசு புதுசாகப் போடக்கூடாது. அதே புதிர்களைக் கணக்குப் போடுவது மாதிரித் திரும்பத் திரும்பப் போட வேண்டும். போட்டுப் போட்டு, காய் நிற்கிற தோரணையைக் கண் பார்த்ததும் கை தானாகப் போக வேண்டும். யோசனையே கூடாது. யோசிக்காமல் ஒரு காரியம் செய்வதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு என்பாள் என் மனைவி ரெமெடியோஸ்.

வீட்டு வாசலில் சின்னக் கடை வைத்திருக்கிறாள். காலையில் அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

"சோப்புக் கேட்ட பொம்பளைக்கு ஏங்க வினிகரைக் குடுத்தீங்க?"

"கை தானாப் போச்சு."

"அடுப்புல சோறு தீயுதே, அதுக்கு ஏன் கை தானாப் போகல?"

"அது என் புத்தகத்துல இல்லடி."

இந்த வீட்டில் என்னை மதிக்கிற ஜீவன் ஒன்றே ஒன்று. என் சண்டைச் சேவல் ஹெனரல். அவித்த முட்டை கொடுத்து, குளிப்பாட்டி, கால் பிடித்துவிட்டு வளர்க்கிறேன். ரெமெடியோஸுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"எனக்கு ஒருநாள் கால் பிடிச்சு விட்டிருப்பீங்களா?"

"நீ சண்டைக்குப் போறவளா?"

"அது மட்டும் போகுதாக்கும்! மூணு வருஷமா அடுத்த மாசம், அடுத்த மாசம்னு உக்காந்து முட்டை தின்னுது."

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. கருவாட்டையும் சோற்றையும் வைத்து அவளுக்கு ஒரு புதிரை விளக்கினேன். "இதோ மூலையில ராஜா. பக்கத்துல எல்லாம் அவன் ஆளுங்களே. நான் ராணியைப் பலி குடுப்பேன். கோட்டை வந்து வெட்டும். உடனே குதிரை செக். ராஜாவுக்கு நகர இடமில்ல, மூச்சு முட்டிச் செத்தான். ஏன்னா இந்த ஓரத்துச் சிப்பாய் வழியை அடைச்சிட்டு நிக்கிறான் பாரு. பத்து எண்ணுறதுக்குள்ள எந்தப் புதிரா இருந்தாலும் போடுவேன்."

"எந்தப் புதிரா இருந்தாலுமா?"

"நீயே வேணா வை!"

"வைக்கிறேன். போட்டுட்டீங்கன்னா ஃபியஸ்தா வரைக்கும் கடைப் பக்கம் நீங்க வர வேணாம், சட்டி பானையும் கழுவ வேணாம். போடலைன்னா சேவல் சட்டிக்குள்ள."

நான் சிரித்தேன். சதுரங்கத்தில் ராஜா எது, ராணி எது என்று தெரியாதவள் எனக்குப் புதிர் வைக்கிறாளாம்! "சரி" என்றேன்.

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வீடு திரும்பினேன். அடுப்படியில் ரெமெடியோஸ் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பச்சைப் பப்பாளி துண்டு போட்டுக் கிடந்தது. ஒரு முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்திருந்தாள். கொல்லையில் ஹெனரலின் சத்தம் இல்லை. நான் புதிர் போடப் போவது தெரிந்து பயல் எவ்வளவு மரியாதையாக இருக்கிறான் என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

பலகையில் காய்கள் தயாராக இருந்தன. மேலே துணி மூடியிருந்தது.

"எண்ணட்டுமா?" என்று துணியை எடுத்தாள்.

அடடா! ராத்திரி கருவாட்டில் காட்டிய அதே புதிர்! அவள் "ஒண்ணு" என்று வாயைத் திறப்பதற்குள் ராணியைத் தூக்கி டமாலென்று வைத்தேன். "கோட்டையால வெட்டு!" வெட்டினாள். குதிரையைத் தாண்ட விட்டேன். "செக்! மேட்! மூச்சு முட்டிச் செத்தான்!"

"செத்தானா?" என்றாள். ராஜாவை இரண்டு விரலால் எடுத்து, ஓரத்துக் கட்டத்தில் சாவகாசமாக வைத்தாள். "வெளிய காத்து வாங்கப் போயிட்டானே."

அந்தக் கட்டத்தில் சிப்பாய் இருக்க வேண்டும். இல்லை. நான் பார்க்கவே இல்லை.

"ஐயோ, சிப்பாய் எங்கடி?"

"என் பையில."

"இது அநியாயம்! புத்தகத்துல இப்படி இல்ல!"

"புத்தகத்துல உள்ள புதிர்னு யார் சொன்னா? நீயே வைன்னீங்க, வச்சேன். தோரணையைப் பாத்தீங்களே, காயைப் பாத்தீங்களா?"

கெஞ்சினேன். ஃபியஸ்தா வரைக்குமாவது தவணை கேட்டேன். அவள் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவுப் பக்கம் நடந்தேன்.

"எங்க போறீங்க?"

"ஹெனரல் முகத்தைக் கடைசியா ஒருதடவை பாத்துட்டு வரேன்."

"அதுக்கு ஏன் அந்தப் பக்கம் போறீங்க? இப்படி வாங்க," என்று அடுப்புச் சட்டியின் மூடியைத் திறந்தாள்.

இஞ்சி, பச்சைப் பப்பாளி, முருங்கைக்கீரை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தினோலா என்கிற கோழிச் சாறு என்று எங்கள் ஊரில் தொட்டில் குழந்தை கூடச் சொல்லும். ஒரு மாதமாகத் தோரணை பழகிய நான் அதைத் தாண்டிக்கொண்டு போய்ப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

"நான் தோப்பேன்னு காலையிலயே உனக்கு எப்படிடி தெரியும்?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த ஒரே புதிரைத்தான திரும்பத் திரும்பப் போடுறேன். இப்பல்லாம் யோசிக்கிறதே இல்ல, கை தானாப் போகுது," என்று என் கிண்ணத்தில் ஒரு துண்டைப் போட்டாள். கழுத்து.

"தொடை?"

"அதைத் தொடாதீங்க. திபோவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்."