பிராசஸருக்கு ஒரு பாட்டில் ஸ்பிரிட்

17-10-2004, ஞாயிறு. தவறு 1: டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தபோது கம்ப்யூட்டருக்குள் பிராசஸரைக் குளிர்விக்கும் ஃபேனின் ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. என் முழங்கைதான் பட்டிருக்க வேண்டும். கவனக்குறைவு. முடிவில் மறக்காமல் மாட்ட வேண்டும்.

இதை எழுதிவிட்டுக் கொம்பையா பேனாவைக் காதில் செருகிக்கொண்டான். ஸ்ரீபெரும்புதூரில் மாலை நேர ஹார்டுவேர் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இந்தப் பழக்கம். “செய்யறதை எல்லாம் எழுதி வைங்க” என்று சார் சொல்லியிருந்தார். கொம்பையா செய்யாததையும் சேர்த்து எழுதினான். கம்பெனியில் கரண்ட் போனால்கூடத் தான் எந்த சுவிட்சையாவது தொட்டுவிட்டோமா என்று யோசிக்கிற ஆள் அவன்.

திறந்து கிடந்த கம்ப்யூட்டர், அவன் குடியிருக்கும் மண்ணூர் வீட்டின் சொந்தக்காரர் லூர்துராஜுடையது. முன்னறையில் அதை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துக் கொடுப்பார். காற்றோட்டத்துக்காகக் கேபினெட்டின் பக்க மூடியை வாங்கிய அன்றே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

“இந்த மாசம் பொறந்ததுலேர்ந்து இதே ரோதனைப்பா. பத்து நிமிசம் ஓடுது, பொசுக்குன்னு ஆஃப் ஆவுது. நாளைக்குக் காலைல தேர் நோட்டீஸ் ஃபாதர் கைல இருக்கணும்.”

“சூடு அண்ணாச்சி. பிராசஸர் மேல சூட்டைக் கடத்துறதுக்கு ஒரு பேஸ்ட் தடவியிருப்பாவ. அது காஞ்சிருக்கும். பழசைத் தொடச்சிட்டுப் புதுசு தடவுனா சரியாயிரும்.”

“நீ இதுக்கு முன்னாடி செஞ்சிக்கிறியா?”

“வகுப்புல பாத்திருக்கேன்.”

“பாத்தியா, செஞ்சியா?”

“கிட்ட நின்னு பாத்தேன்.”

லூர்துராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். “கெடுத்து வச்சேன்னு வையி, ரூமைக் காலி பண்ணிட வேண்டியதுதான்.”

கொம்பையாவுக்குத் தன் பாய் நினைவு வந்தது. இதற்கு முன் இருந்த அறையில் ஷிஃப்ட் முறையில்தான் பாய் கிடைத்தது. நைட் ஷிஃப்ட்காரன் எழுந்த பாயில் ஜெனரல் ஷிஃப்ட்காரன் படுப்பான். சொந்தமாக ஒரு பாய் விரிக்கும் வாழ்வு இப்போதுதான் வாய்த்திருந்தது.

கிளிப்பை விடுவித்து, சூட்டை உறிஞ்சும் அலுமினியக் கட்டியான ஹீட் சிங்க்கை ஃபேனோடு தூக்கினான். பிராசஸரும் அதோடு ஒட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்தது. மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும் என்று சார் சொன்னது, எடுத்த பிறகு நினைவு வந்தது.

தவறு 2.

மரவட்டையைப் புரட்டிப் போட்டதுபோல் அடியில் வரிவரியாகப் பின்கள். நல்லவேளை, எதுவும் வளையவில்லை. இரண்டையும் பிரித்து, பழைய பனியன் துணியால் துடைத்தான். பேஸ்ட் பாதி போயிற்று, பனியன் நூல் முழுதும் ஒட்டிக்கொண்டது. போன பேஸ்ட்டும் எங்கும் போய்விடவில்லை. விரலுக்கு வந்தது, விரலிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து மறுபடி விரலுக்கு.

“ஸ்பிரிட் வேணும் அண்ணாச்சி. வாங்கிட்டு வந்துருதேன்.”

மருந்துக் கடைக் கல்லாவில் கங்கா இருந்தாள்.

“ஸ்பிரிட்டா? இன்னா காயம்?”

“காயம் இல்லக்கா. பிராசஸருக்கு.”

“அது யாரு, உங்கூட தங்கிக்கிற பையனா?”

“இல்லக்கா, அது வந்து...”

“ரூம் பசங்களுக்கு ஸ்பிரிட் குடுக்க மாட்டேன்பா. தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்து என் பேரைச் சொல்லுவீங்க. காயம் கீதுன்னா காட்டு.”

விளக்கிச் சொல்வதற்காகக் கொம்பையா விரலை நீட்டினான். அதில் வெள்ளையாக அப்பியிருந்த பேஸ்ட்டைப் பார்த்துக் கங்கா அலறினாள்.

“ஐயோ, சீழ் வெச்சிக்கீதே! இதைக் காட்டினா இன்னா கொறஞ்சா போயிடுவே?”

அவன் வாயைத் திறப்பதற்குள் கட்டைவிரலுக்கு முட்டை அளவில் கட்டு விழுந்துவிட்டது. கூடவே ஸ்பிரிட் பாட்டிலும் கிடைத்ததால் வாயை மூடிக்கொண்டான்.

அதன்பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தான். பின்கள் இருக்கும் பக்கம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. பிராசஸர் கண்ணாடிபோல் மின்னியது.

“இங்க பாருங்க அண்ணாச்சி!”

பார்க்க லூர்துராஜ் குனிந்தார். முட்டைக் கட்டு பாட்டிலைத் தட்டிவிட்டது. ஸ்பிரிட் முழுவதும் அவர் லுங்கியில் இறங்கியது.

தவறு 3.

அப்போது மாதா கோயிலிலிருந்து லூர்துராஜின் மனைவி அன்னபுஷ்பம் வந்தாள். வேளாங்கண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போய், மொட்டை போட்டு, புருஷனைக் குடியை விட வைத்தவள். வாசலிலேயே நின்று மோந்தாள்.

“ஊதுய்யா.”

“ஏய், இது சர்க்காரு சாராயம் இல்லடி...”

“ஊதுன்றேன்ல!”

ஊதினார்.

“வாயில வரல. லுங்கில வருது. எத்தினி குடிச்சா லுங்கி வரைக்கும் வழியும்?”

“அக்கா, அது மிசினுக்கு வாங்குனது” என்றான் கொம்பையா.

“மிசின் குடிக்குதா?”

“தொடைக்கதுக்கு அக்கா.”

அவள் பார்வை அவன் விரலில் நின்றது. “கைல இன்னா கட்டு? ரெண்டு பேரும் குடிச்சிட்டு எங்க வுழுந்தீங்க?”

“காயமே இல்லக்கா! சும்மாதான் கட்டிருக்கு!”

குடிகாரன்கூட இப்படி உளற மாட்டான் என்று அவனுக்கே தோன்றியது.

“மிசின் ஓடிச்சினா நம்பறேன். ஓடலைன்னா ரெண்டு பேரும் வூட்டைக் காலி பண்ணுங்க.”

“என் வூட்டையா?” என்றார் லூர்துராஜ்.

“ஆமா, உன் வூட்டைத்தான்.”

லூர்துராஜ் ஓசையில்லாமல் கொம்பையாவின் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார்.

ஸ்பிரிட் உலர்ந்ததும் பிராசஸரைச் சாக்கெட்டில் உட்கார வைத்து, வகுப்புக்காக வாங்கி வைத்திருந்த ட்யூபிலிருந்து அரிசி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஹீட் சிங்க்கை நேராக இறக்கிக் கிளிப்பை மாட்டினான். தவறு 1 நினைவு வந்து ஃபேன் ஒயரையும் செருகினான். சுவிட்சைப் போட்டான்.

கொர்ரென்ற சத்தத்தோடு ஃபேன் சுற்றியது. பத்து நிமிடம் கடந்தது, அணையவில்லை. அரை மணி கடந்தது. பிரிண்டரிலிருந்து தேர் நோட்டீஸ் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. லூர்துராஜ், ஸ்பிரிட் வாடையோடு அவனைக் கட்டிக்கொண்டார்.

கொம்பையா காதிலிருந்து பேனாவை எடுத்து எழுதினான். “காரணம் பேஸ்ட்தான். என் கணிப்பு சரி.” அவன் நோட்டில் ‘சரி’ என்ற சொல் வந்தது அதுவே முதல் தடவை.

ஏழு மணிக்கு அன்னபுஷ்பம் கையில் ஜெபமாலையோடு வந்து மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். உடனே திறந்தாள். எழுந்து வந்து, பழகிய கையைக் கேபினெட்டுக்குள் விட்டுத் துழாவினாள்.

“அக்டோபரு ஜெபமாலை மாசமாச்சே, இந்தக் கொர்ரு சத்தத்துல ஒண்ணும் காதுல வுழலியேன்னு ஒண்ணாந்தேதியே நான் இந்த ஒயரைப் புடுங்கி வுட்டேன். எவன்யா திரும்ப மாட்னது?”

நாளைய வேலை: விரல் கட்டை அவிழ்ப்பது. தவறு 1-ஐ அடித்துவிடுவது.