திருப்பித் தர வேண்டிய விசில்

போர்ட் பிளேயரில் அரசாங்க உத்தரவுக்குக்கூட மறுபேச்சு உண்டு; டபுள் விசில் அண்ணனின் விசிலுக்குக் கிடையாது. கப்பல் காத்திருக்கும், விமானம் மழைக்காகக் காத்திருக்கும், அவர் விசில் ஊதிவிட்டால் மட்டும் எங்கள் பள்ளிப் பேருந்து ஒரு நொடியும் காத்திருக்காது. ஆனால் அவர் அதை ஊத வேண்டுமே!

அவர் எங்கள் பள்ளிப் பேருந்தின் கண்டக்டர். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் டபுள் விசில். தலைமையாசிரியை மேடமே ஒருமுறை சுற்றறிக்கையில் அந்தப் பெயரை எழுதிவிட்டு அப்புறம் கோடு போட்டு அடித்தார்.

ஒற்றை விசில் என்றால் நில், இரட்டை விசில் என்றால் போ. எல்லாக் கண்டக்டர்களுக்கும் இதுதான் சட்டம். இவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சட்டம்: எண்ணிக்கை சரியாக வராமல் இரட்டை விசில் கிடையாது. பிள்ளைகளின் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. சிப்பிகாட்டில் பதினொன்று, புரோத்ராபூரில் பதினாலு, ஷாதிபூரில் பதினாறு. அவ்வளவுதான். காய்ச்சல் என்று வீட்டிலிருந்து முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தால் ஒன்றைக் கழிப்பார். இல்லாவிட்டால் பேருந்து நகராது. ஒருநாள் புரோத்ராபூரில் பதிமூன்றுதான் எண்ணினார். இறங்கி, அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய், "அவன் அப்பவே போயிட்டானே" என்று சொன்ன அம்மாவிடம் வாக்குவாதம் செய்து, கட்டிலுக்கு அடியிலெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். பையன் பேருந்து சீட்டுக்கு அடியில் ரப்பர் தேடிக்கொண்டிருந்தான்.

இன்னொரு விசேஷம், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவரிடம் தனி விசில் உண்டு. சிப்பிகாட்டுக்கு மூன்று நீளம். புரோத்ராபூருக்கு மூன்று குட்டை. ஷாதிபூருக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை. "ஊர்ப்பேரச் சொல்லிக் கத்துனா தொண்ட போயிரும் மிஸ். விசிலுக்குத் தொண்ட கெடையாதுல்ல?" என்று பள்ளியில் வேலை பார்த்த என்னிடம் சொல்வார். ஷாதிபூர் விசில் கேட்டதும் பதினைந்து பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். பதினாறாவது பிள்ளை பிலோமினா. அவள் மட்டும் தினமும் சந்துக்குள்ளிருந்து, "ஏக் மினிட் அண்ணா!" என்று ஒரு நிமிஷம் கேட்டுக் கத்திக்கொண்டே, பாதி பின்னிய சடையும் வாயில் பன்னுமாக ஓடி வருவாள்.

டிரைவர் தாதா வங்காளி; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். மனிதர்கள் பேசுவது எதுவும் அவர் காதில் விழாது. விசில் மட்டும் விழும். இந்த ஏற்பாட்டில் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் அந்தப் பள்ளியில் ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிப்ளமா முடித்த கையோடு கிடைத்த வேலை. எனக்குப் பட்டியல் போடாமல் டீகூட குடிக்க வராது. கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியதும் மேடம் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இனி நீதான் பள்ளிக்கூடம்" என்றார். நான் ஒரு பட்டியல் போட்டேன். போன் உள்ள வீடு பச்சை, போன் இருந்தும் சிக்னல் இல்லாத வீடு மஞ்சள், எதுவும் இல்லாத வீடு சிவப்பு. பார்க்க அழகாக இருந்தது. பயன்தான் இல்லை. அன்றைக்கு எங்கள் தீவில் இன்டர்நெட் இருந்த அழகுக்கு, காலையில் அனுப்பிய ஒரு பக்கக் கணக்குப் பாடம் பச்சை வீடுகளிலேயே மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரும். கணித ஆசிரியர் ஒரு வீடியோ அனுப்பினார். அது இறங்கி முடிவதற்குள் அடுத்த அத்தியாயம் வந்துவிட்டது.

கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்ததும் மேடம் அலைந்து திரிந்து பேருந்துக்கு ஒரு பாஸ் வாங்கினார். வாரம் ஒருமுறை வொர்க்‌ஷீட்டை அச்சடித்து நிறுத்தங்களில் கொடுத்துவிட்டு, போன வார விடைத்தாளை வாங்கி வர வேண்டும். பேருந்தில் மூன்றே பேர்: தாதா, டபுள் விசில், பட்டியலோடு நான்.

முதல் நாள் டபுள் விசில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து மேடம் அசந்துபோனார். மாஸ்க்கின் நடுவில் ஓட்டை. வெறும் ஓட்டை இல்லை, தையல்காரரிடம் கொடுத்து முறையாகக் காஜா எடுத்திருந்தார்.

"மாஸ்க்ல எதுக்குப்பா ஓட்டை?"

"விசிலுக்கு மேடம்."

"அது வழியா வைரஸ் வராதா?"

"நாந்தான் ஊதிக்கிட்டே இருக்கேனே மேடம், அது எப்பிடி எதுத்து வரும்?"

அறிவியல் ஆசிரியையான மேடம் இதை யோசிக்க ஆரம்பித்தார். அந்த இடைவெளியில் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

சிப்பிகாட்டில் மூன்று நீள விசில். பல வாரங்களாகக் கேட்காத சத்தம். பிள்ளைகள் சீருடையில் வந்தார்கள், பையோடு. தண்ணீர் பாட்டில்கூட நிரம்பியிருந்தது. ஒவ்வொருவராகப் பின்படியருகில் வந்து வொர்க்‌ஷீட் வாங்க, நான் முன்சீட்டில் உட்கார்ந்து, சொன்ன பெயருக்கெல்லாம் தலை நிமிராமல் பட்டியலில் டிக் போட்டேன். பதினொன்றுக்குப் பதினொன்று! டபுள் விசில் எண்ணினார், முகம் மலர்ந்தது, இரட்டை விசில் ஊதினார். தாதா கிளப்பினார். புரோத்ராபூரிலும் அப்படியே, பதினாலுக்குப் பதினாலு. எனக்குத் தொழில்முறைப் பெருமை தாங்கவில்லை.

ஷாதிபூருக்குச் சற்று முன்னால் போலீஸ் தடுப்பு. காவலர் பாஸைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாகப் பேருந்துக்குள் பார்த்தார்.

"யே சப் க்யா ஹை?" என்றார். இதெல்லாம் என்ன?

"வொர்க்‌ஷீட் சாப்," என்றார் டபுள் விசில்.

நான் திரும்பிப் பார்த்தேன். இருபத்தைந்து பிள்ளைகள், அவரவர் சீட்டில், மடியில் பையோடு உட்கார்ந்து காவலருக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்கள்.

விசில் கேட்டது, ஏறினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது, அவர் ஊதினார். அவர் ஊதினார், தாதா ஓட்டினார். நானோ எல்லோரையும் டிக் போட்டு ஆவணப்படுத்தியிருந்தேன். வாசலில் நின்று வழியனுப்பிய பெற்றோர்களில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. ஒரு அம்மா ஓடி வந்து மறந்துபோன டிபன் டப்பாவை ஜன்னல் வழியாகக் கொடுத்திருக்கிறார்.

"தாதா, நீங்களாவது கண்ணாடியில பாத்திருக்கலாமே?" என்றேன்.

"விசில் பஜா, காடி சலா," என்றார் தாதா. விசில் அடித்தது, வண்டி நகர்ந்தது. அதற்கு மேல் அவரைக் கேட்க என்ன இருக்கிறது?

எல்லோரையும் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். மேடம் போலீசில் என்ன பேசினாரோ, பாஸ் தப்பித்தது. விசில் தப்பவில்லை. அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"இனிமே விசில் சத்தம் கேட்டுச்சு, நானே உன்னைக் கப்பல்ல ஏத்தி மெயின்லேண்டுக்கு அனுப்பிருவேன்."

"கப்பல் ஓடல மேடம்."

"ஓடுறப்போ!"

அதற்கப்புறம் அவர் பேருந்தின் தகரத்தைத் தட்டித்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டார். மாஸ்க்கில் மட்டும் அந்தக் காஜா வெறுமனே இருந்தது. ஆள் கொஞ்சம் சுருங்கினாற்போல எனக்குப் பட்டது. ஆனால் வேறொன்று வளர்ந்தது. சிப்பிகாட்டில் ஒரு அம்மா விடைத்தாளோடு ஒரு கட்டுக் கீரையும் கொடுத்து, "வேலையில்லாம இருக்குற வீடு யாராவது இருந்தா குடுங்கண்ணே" என்றார். அடுத்த வாரம் புரோத்ராபூரிலிருந்து வெள்ளரிக்காயும் வாழைக்காயும் வந்தன. ஷாதிபூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? கருவாடு கொடுத்து அனுப்பினார்கள். எந்த நிறுத்தத்தில் எத்தனை வாய் என்பது அவருக்குத்தான் தெரியும். கேட்க வெட்கப்படும் வீடு எது என்பதும் தெரியும். அங்கே மட்டும் வொர்க்‌ஷீட்டுக்கு அடியில் வைத்துக் கொடுப்பார். அந்தப் பருவம் முழுக்க, திருத்துவதற்கு முன் கீரை ஈரம் பட்ட விடைத்தாள்களைக் கணித ஆசிரியர் வெயிலில் காயவைக்க வேண்டியிருந்தது.

இத்தனையிலும் ஒரு எண்ணிக்கை இடித்துக்கொண்டே இருந்தது. ஷாதிபூரில் பதினைந்துதான் வந்தது.

"பதினாறாவது எங்க மிஸ்?" என்று அவர் வாராவாரம் கேட்பார்.

என் பட்டியலில் பிலோமினா சிவப்பு. அவள் அப்பா மீன்பிடிப்பவர். தங்கை கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனவர் கப்பல் நின்றதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டிலிருந்த ஒரே போன் அவரோடு போய்விட்டது, எண்ணும் வேலை செய்யவில்லை. பழைய வீட்டைச் சொந்தக்காரர் திரும்பக் கேட்டதால் அம்மாவும் அவளும் காலி செய்துவிட்டார்கள். "புரோத்ராபூர் பக்கம், மேட்டுல, யாரோ ஒறவுக்காரங்க வீடு" என்பதுதான் பக்கத்து வீட்டில் கிடைத்த தகவல். புரோத்ராபூரில் மேடு இல்லாத பக்கம் எது?

பிலோமினா படித்த பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு விண்ணப்பங்கள் வந்தன. மாணவி கையெழுத்துப் போட வேண்டும். வியாழன் மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கு அந்த ஆண்டு தேர்வு கிடையாது. செவ்வாய்க்கிழமை மேடம் என் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எல்லா வழியும் பாத்துட்டோம். என்ன செய்யுறது? கிடைக்கலன்னு எழுதிரு."

வாசலில் நின்றிருந்த டபுள் விசில் உள்ளே வந்தார். "மேடம், அந்த விசிலக் குடுங்க."

"எதுக்கு?"

"போன் இல்ல, அட்ரஸ் இல்ல. காது இருக்கும்ல மேடம் அந்தப் புள்ளைக்கு?"

மேடம் இழுப்பறையைப் பார்த்தார். பறிமுதல் செய்த பொருளைத் தானே எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற சங்கடம் முகத்தில் தெரிந்தது. நான் லேபின் ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்து எழுதினேன்: 'ஒலிக்கருவி, வாயால் இயக்குவது, எண்ணிக்கை ஒன்று. பயன்பாட்டுக்கு வழங்கப்பட்டது. திருப்பித் தர வேண்டியது.' மேடம் படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், கையெழுத்துப் போட்டு இழுப்பறையைத் திறந்தார்.

புதன்கிழமை காலை புரோத்ராபூர் மேட்டுச் சாலையில் முதல் இடத்தில் நிறுத்தினோம். ஒரு நீளம், இரண்டு குட்டை. நான்கு வீடுகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணா, தப்பு! அது ஷாதிபூர் விசில்! எங்களுது மூணு குட்டை!"

"எனக்கே சொல்லிக் குடுக்கியா? உள்ள போ புள்ள!"

இரண்டாவது இடம். நாய்கள் மட்டும் பதில் சொன்னன. மூன்றாவது இடத்தில் ஒரு தாத்தா வந்து, கேஸ் சிலிண்டர் வண்டியா என்று ஹிந்தியில் கேட்டார். அத்தனை பிள்ளைகளும், "தப்பு விசில், தப்பு விசில்" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்து, சாலையோரமாகத் தள்ளித்தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 'கிடைக்கவில்லை' என்று எழுத, பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே பேனாவை வைத்துவிட்டேன்.

"அண்ணே, போதும்."

"இன்னும் ஒரே எடம் மிஸ்."

நான்காவது இடம் ஒரு பாக்குத் தோப்பின் அடிவாரம். மூவரும் இறங்கினோம் என்று எழுத ஆசைதான். தாதா இறங்கவில்லை. டபுள் விசில் ஊதினார். ஒன்றுமில்லை. காஜாவைச் சரிசெய்துகொண்டு, மூச்சை இழுத்து, இன்னொரு முறை ஊதினார். ஒரு நீளம், இரண்டு குட்டை.

மேலே, மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது அது.

"ஏக் மினிட் அண்ணா!"

சீருடைச் சட்டை, வீட்டுப் பாவாடை, தோளில் பை, பாதி பின்னிய சடை. சறுக்கிச் சறுக்கி ஓடி வந்தாள். "அண்ணா, என்னய விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"எப்ப விட்டுட்டுப் போயிருக்கேன்? தெனமும் ஒன்னாலதான் லேட்டு!" என்று அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பதினாறு" என்றார். விசிலை மாஸ்க்குக்குள் நுழைக்கப் பார்த்தார். இரண்டு முறை காஜா தவறியது. மூன்றாவது முறை பொருந்தியது. இத்தனை மாதம் அடக்கி வைத்த சந்தோஷத்தையெல்லாம் சேர்த்து, பலமாக, இரட்டை விசில் ஊதினார்.

தாதா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

விண்ணப்பம் வண்டிக்குள் இருந்தது. நாங்கள் மூவரும் சரிவில் ஓடினோம். டபுள் விசிலுக்கு மூச்சு வாங்கியதில் விசில் வரவில்லை, காற்றுதான் வந்தது. எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு பிலோமினாதான் ஓடினாள், "ஏக் மினிட் தாதா! ஏக் மினிட்!" என்று. வளைவுக்கு முன்னால் எப்படியோ ஒரு ஒற்றை விசில் பிறந்து, வண்டி நின்றது. பேருந்துப் படியில் உட்கார்ந்து அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை முதல் தபாலில் அனுப்பினேன்.

பள்ளி திறந்த பிறகு புரோத்ராபூரின் எண்ணிக்கையைப் பதினைந்தாக மாற்றச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அது ஷாதிபூர்ப் புள்ள மிஸ், சும்மா இங்க ஏறுது" என்று அவளுக்காக மட்டும் தோப்படியில் நிறுத்தி ஷாதிபூர் விசிலை ஊதினார்.

ஒப்பந்தம் முடிந்து நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது லேபின் பொருள்கள் எல்லாவற்றையும் எண்ணி, ஒவ்வொரு வரியிலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதி ஒப்படைத்தேன். எலித்தொல்லைக்கு வாங்கிய பொறிக்குக்கூடக் கணக்கு முடித்தேன். ஒரே ஒரு வரியை மட்டும் முடிக்கவில்லை. மேடமும் அதைப் பார்த்தார், கேட்கவில்லை. அந்த விசில் திரும்பி வராமலே இருக்கட்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது.