நேரடி ஒலிபரப்பில் ஓர் இருமல்

கடூனாவில் இருக்கும் மூத்த அண்ணன் தாங்கோ அவர்களுக்கு, கானோவிலிருந்து தம்பி பராவ் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. உடம்பு எப்படி, அண்ணி எப்படி, ஆடுகள் எப்படி, வெயில் எப்படி, களைப்பு எப்படி? இங்கே இறைவன் அருளால் எல்லோரும் சுகம். வெயில் மட்டும் சுகமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ஜாரியாவிலிருந்து சில பெரியவர்கள் கோலாக் கொட்டைகளோடு உங்கள் வாசலுக்கு வந்து நம் வீட்டுப் பெண்ணைக் கேட்பார்கள். பெண் என்றால் என் மூத்தவள்தான். முதல் பிள்ளையின் பெயரைத் தகப்பன் வாயால் சொல்வது வெட்கக்கேடு, ஆகவே கையாலும் எழுத மாட்டேன். அவளைக் கொடுப்பதும் மறுப்பதும் வழக்கப்படி உங்கள் பொறுப்பு, நான் தலையிடுவது அழகல்ல. தலையிடாமல் ஒன்று மட்டும் சொல்கிறேன்: மறுத்துவிடுங்கள். கொட்டையை வாங்கினால் சம்மதம் என்றாகிவிடும், தொடவே வேண்டாம். அவர்கள் காரணம் கேட்டால், கீழே உள்ளதில் எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

நான் ரேடியோவில் ஹவுசா மொழிச் செய்தி வாசித்தே தலை நரைத்தவன். செய்திக்கு முன்னால் நான் இருமுகிற இருமலைக் கேட்டுத்தான் கானோவில் பாதிப் பேர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஓய்வு பெற்று நிம்மதியாக இருந்தவனை நிலையத்தார் திரும்பக் கூப்பிட்டு, 'நகரத்து இளைஞர்கள் நம் சொற்களை என்ன செய்கிறார்கள்' என்று சனிக்கிழமைதோறும் பேசச் சொன்னார்கள். திட்டுவதற்கு நான் தயார், ஆனால் எதைத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா? நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் செல்போன் ரிப்பேர் செய்யும் நாஃபியு என்ற ஜாரியா இளைஞன் அகப்பட்டான். ஜாரியாக்காரனும் கானோக்காரனும் சேர்ந்தால் வயசு பார்க்காமல் ஒருவரை ஒருவர் கேலி செய்து வாரிக்கொள்ளத் தடையே இல்லை என்பது நீங்கள் அறிந்ததுதான்.

"ஏண்டா, ஒரு ஜாரியாக்காரன் எனக்கு ஹவுசா சொல்லித் தர்றியா?" என்பேன். "என்ன செய்யறது பாபா, கானோக்காரங்களுக்கு ஓசில குடுத்தா மறுநாளே அதை வச்சு கடை போட்ருவீங்க" என்பான். மெக்காவுக்குப் போய் வந்தவரைத்தானே நாம் ஹாஜி என்போம்? இவர்களிடையே புதுச் செருப்பு வாங்கினவன் ஹாஜியாம். பொறுமை என்று ஒரு பெண் சொன்னால், 'உன்னை எனக்குப் பிடிக்கவில்லை, கிளம்பு' என்று பொருளாம். வருவேன் என்று சொல்லிவிட்டு வராத நண்பனுக்கு மின்சாரம் என்று பெயராம். இந்த மின்சாரத்துக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயில் இருந்த டீ அவன் சட்டையில் போய்விட்டது. "பாபா, இது துவைச்ச சட்டை!" என்று அவன் கத்த, நான் அவன் முதுகில் ஒன்று வைக்க, டீக்கடைக்காரரே வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

இதே சமயத்தில் வீட்டில் வேறொரு தொல்லை. மூத்தவளைப் பார்க்க அந்தி நேரத்தில் எவனோ ஒருவன் வாசல் அறைக்கு வந்துகொண்டிருந்தான். நான் வருவது தெரிய முறைப்படி இருமிவிட்டு, முறைப்படி எங்கோ பார்த்துக்கொண்டு உள்ளே போவேன். அவனும் முறைப்படி சுவரைப் பார்த்துக் குந்திவிடுவான். என் மனைவி அவனை 'வருகிறவர்' என்பாள், பெயரைக் கேட்பது எனக்கு அழகல்ல. நாஃபியுவிடம் புலம்பினேன். "எவனோ ஒருத்தன் வர்றான்டா. முதுகை மட்டும்தான் பார்த்திருக்கேன். முகம் இருக்கான்னே தெரியல." அவன் உடனே, "இன்னும் பலமா இருமுங்க பாபா, பயந்து ஓடிடுவான்" என்றான். இருமினேன். மறுநாள் நாஃபியு டீக்கடைக்குச் சோர்ந்துபோய் வந்தான். "பாபா, நான் கட்டிக்கப்போற பொண்ணோட அப்பன் நேத்து இருமின இருமல்ல சுண்ணாம்பே உதிர்ந்துருச்சு" என்றான். "மனுஷனா அவன்?" என்று நான் ஆறுதல் சொன்னேன். சிரிக்காதீர்கள் அண்ணா. நான் இருமுவது வீட்டு வாசலிலும் மைக்குக்கு முன்னாலும் மட்டும்தான், டீக்கடையில் எதற்கு இருமப் போகிறேன்?

போன சனிக்கிழமை அவனையே நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போனேன். ஆரம்பத்தில் பாட்டு போட்டுவிட்டதால் எனக்கு இரும வாய்ப்பே கிடைக்கவில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமனாருக்கு உங்கள் பேச்சில் என்ன சொல் என்று கேட்டேன். "சோதனைச் சாவடி" என்றான். "ஏன்னா காரணமே இல்லாம நிறுத்தி வைப்பாரு, விடவும் மாட்டாரு. நம்ம சாவடி இருக்காரே, அவரு எப்படி இருமுவாருன்னா..." என்று மைக்கில் இருமிக் காட்டினான். என் இருமல், அண்ணா. முதலில் ஒரு செருமல், அப்புறம் நீளமாக ஒன்று, கடைசியில் வெட்டினாற்போல ஒன்று. கானோ முழுக்க அந்த இருமலை அடையாளம் தெரியாத ஒரே ஆள் அதை இருமிக் காட்டியவன்தான், இந்தக் காலத்துப் பையன்கள் எங்கே செய்தி கேட்கிறார்கள்? என்னையறியாமல் நானும் இருமிவிட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். நாற்காலியிலிருந்து அப்படியே வழுக்கித் தரையில் குந்தி, தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். மருமகனாக வரப்போகிறவன் மாமனாரின் முன்னால் வாய் திறக்கலாமா? மாமனார்தான் அவனிடம் போய்ப் பேச்சுக் கொடுக்கலாமா? மிச்ச நிகழ்ச்சி முழுக்க கானோ ஜனங்கள் கேட்டது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய அதிகாரி கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த மூத்தவள் கதவைச் சாத்திக்கொண்டவள்தான், சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. இறைச்சிக்கடைக்குப் போனால், "சாவடி வந்திருக்காரு பாரு, ஈரல் எடுத்து வை" என்கிறான் கடைக்காரன். நேற்று பள்ளிவாசல் வாசலில் என் வயசுக்காரர் ஒருவர் தன் மாமனாரையே அந்தச் சொல்லால் குறிப்பிட்டார். சொல் இனி அவ்வளவுதான், அகராதிக்காரர்கள் வந்து எழுதிக்கொண்டு போகட்டும்.

ஆகவே மரியாதை தெரியாதவன், நாக்கு நீளமானவன், அதிலும் ஜாரியாக்காரன். இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். உங்கள் ஆடுகள் பெருகட்டும், அண்ணியின் முழங்கால் வலி தீரட்டும், நம் பெற்றோரின் மண்ணறையில் குளிர்ச்சி இறங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி பராவ்

பி.கு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போனேன். அவன் இருந்தான். என்னைக் கண்டதும் டீயை அப்படியே வைத்துவிட்டு, தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சந்துக்குள் ஓடிவிட்டான். கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. அண்ணா, எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது. இவன் மருமகனாகிவிட்டால் அப்புறம் நான் யாரோடு உட்கார்ந்து பேசுவது என்ற வயிற்றெரிச்சலில்தான் மறுக்கச் சொல்லி எழுதினேன். இப்போது யோசித்தால், நீங்கள் மறுத்தாலும் வெட்கத்தில் அவன் என் பக்கம் வரமாட்டான், கொடுத்தாலும் மாமனாரும் மருமகனும் உட்கார்ந்து பேச வழக்கம் விடாது. எனக்கு எப்படியும் அவன் இல்லை. அவளுக்காவது இருக்கட்டும். கொட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்.