மேளம் அடித்து வந்த கொள்ளையர்

பினாங்கு, ஆர்கைல் ரோட்டுச் சந்து,
1931 ஜூன் 4, வியாழக்கிழமை.

ம-ரா-ரா-ஸ்ரீ "தீவுக் கண்ணாடி" பத்திராதிபர் அவர்கள் சமுகத்திற்கு, பென்ஷன் கிராணி வை. சந்திரசேகரன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் துப்பாக்கியும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும், தங்கள் அச்சாபீஸ் சிப்பந்திகளும், தங்கள் பத்திரிகையில் தினந்தோறும் எழுந்தருளும் கொள்ளைக்காரர்களும் க்ஷேமமாயிருக்க அம்பாளைப் பிரார்த்திக்கிறேன்.

தாங்கள் என்னை அறியமாட்டீர்கள். நான் தங்களைப் பத்து வருஷமாக அறிவேன். துறைமுகக் கிடங்கில் கிராணியாக மூட்டைக்குக் கணக்கெழுதி ஓய்ந்தவன். என் சம்சாரம் வடிவம்மாள் காலமான பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுகிறவை என்று இரண்டுதான் பாக்கி. ஒன்று சுவர்க் கடிகாரம், மற்றொன்று தங்கள் பத்திரிகையை நான் உரக்க வாசிப்பது. கடிகாரமும் போன வருஷம் நின்றுவிட்டது. மற்றபடி காலையில் வங்காளிப் பால்காரர் வந்து "கிராணி, பால்" என்பார். ரொட்டிக்காரர் மணி அடிப்பார். தபால்காரர் "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒன்றுமில்லை என்பதைச் சொல்லவாவது ஒரு மனுஷன் நின்று போகிறாரே என்று எனக்கு அதிலும் ஒரு திருப்தி. சாயந்திரமானால் முனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன் பாய் தொழுகை முடித்துவிட்டு, கையில் தூக்குவாளியில் தேத்தண்ணியோடு வருவார். அவருக்கு அரபு எழுத்தில் எழுதிய தமிழ் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் தங்கள் அச்செழுத்து வராது. ஆகையால் நான் வாசிப்பேன், அவர் கேட்பார். கப்பல் செய்திக்குக் கொட்டாவி விடுவார். மிளகு விலைக்குத் தொப்பியைச் சரி செய்வார். கொலை, கொள்ளை என்று ஆரம்பித்தால் போதும், நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு "ம், அதுக்கப்புறம்" என்பார். அப்புறம் விளக்கு வைத்தாலும் எழுந்திருக்க மாட்டார். என் நாளில் நல்ல பாகம் அதுதான்.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தாங்கள் கொள்ளைக்காரர்களைப் பிடித்துக்கொண்டீர்கள். "பினாங்கில் உயிருக்கு உத்தரவாதமில்லை" என்று ஒரு நாள் கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே என்ன விஷயமென்றால், புக்கிட் தெங்காவில் இரண்டு கோழி களவு போயிருக்கிறது. திருடியவன் கையில் துப்பாக்கி இருந்திருக்கலாமென்று நம்பப்படுகிறது என்று முடித்திருந்தீர்கள். நம்பியது யாரென்று போடவில்லை. நான் நம்பினேன். அதற்குப் பக்கத்திலேயே கட்டம் கட்டி, "உமது குடும்பத்தைக் காப்பாற்ற நீர் என்ன செய்தீர்?" என்று ஆறு தோட்டா ரிவால்வர் விளம்பரம். எனக்கு வீட்டோடு குடும்பம் கிடையாது, ஆனாலும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்னும் ஊரில் ஒரு தோட்டத்தில் என் மகள் நவமணியைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன், அவள் புருஷனும் தங்கள் சந்தாதாரர். பினாங்கில் இப்படி இருக்கையில் பிள்ளைகளை எப்படி அப்பா அழைத்து வருவது என்று அவள் எழுதினாள். தோட்டப் பக்கம் சம்பான் படகை வழிமறிக்கிறார்களாமே, நான் எப்படியம்மா வருவது என்று நான் எழுதினேன். இரண்டு பேரும் எழுதியது தங்கள் பத்திரிகையின் ஒரே இதழைப் பார்த்துத்தான். தீபாவளிக்கு அவளும் வரவில்லை, நானும் போகவில்லை.

சரி, போகட்டும் என்று பழைய கிடங்குத் துரையிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு போலீஸ் ஆபீசுக்குப் போனேன். லைசென்ஸ் கொடுக்கிற வெள்ளைக்காரர், "நீ கொள்ளைக்காரனைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். "வாசித்திருக்கிறேன், துரை" என்றேன். அவரும் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையை வாசித்துக்கொண்டுதான் இருந்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார். துப்பாக்கி வந்தது. தலையணைக்குக் கீழே வைத்தால் காது வலித்தது. அலமாரியில் வைத்தால் ஆபத்துக்கு எட்டாது. கடைசியில் அரிசிப் பானையில் வைத்தேன். அதிலிருந்து தினம் துப்பாக்கியை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் உலைக்கு அரிசி அளக்க வேண்டியிருந்தது. பால்காரர் ஒரு நாள் அந்த நேரம் பார்த்து வந்து "கிராணி, பால்" என்றார். நான் அப்படியே துப்பாக்கியும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தேன். அடுத்த நாளிலிருந்து பாலே வேண்டாம் என்று நானாகச் சொன்னதாகச் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ரொட்டிக்காரர் முனையிலேயே மணி அடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். தபால்காரர் ஒன்றுமில்லை என்பதைக் கூடச் சொல்வதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, யாராயிருந்தாலும் பயப்படத்தானே செய்வார்கள். ஆனால் அரிசிப் பானைக்குள் துப்பாக்கி இருக்கிற வீட்டில் கொள்ளைக்காரனும் வராமல், பால்காரரும் வராமல் ஒருத்தன் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அலாவுதீன் பாய் மட்டும் வந்தார். "வாசல்ல நின்னு ஒரு குரல் குடுத்துட்டு வாரேன், அவ்வளவுதானே" என்றார். ஒரு நாள் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். பாய், இந்த வீட்டு வாசலில் நாலு பேர் சேர்ந்து நின்று வெகு காலமாச்சு, கடைசியாய் நின்றது வடிவு போன அன்றைக்கு என்றேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரத்தில்தான் தாங்கள் ஜனங்களுக்கு எச்சரிக்கை என்று போட்டீர்கள். முகத்தில் கரி பூசி, தலையில் துணி கட்டி, கத்தி துப்பாக்கி ஏந்திய ஒரு கூட்டம் வீடு வீடாகப் போகிறது. வீட்டுக்காரர் போடும் கூக்குரல் வெளியே கேட்காதபடி மேளம் அடிக்கிறார்கள். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கதவைத் திறவாதீர். இதை நான் பாய்க்கு வாசித்துக் காட்டவில்லை. அன்றைக்கு அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மொகரம் பிறந்துவிட்டது, அவருக்கு என்னென்னவோ வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நானே எனக்கு மூன்று தடவை வாசித்துக்கொண்டேன்.

மொகரம் பிறந்தால் இந்த ஊரில் போரியா புறப்படும். தாங்கள் பினாங்குப் பத்திராதிபர், தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் நிருபருக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பத்துக்காரரும், அதாவது ஒவ்வொரு குடியிருப்புக்காரரும், ஒரு வேஷம் கட்டுவார்கள். ஒரு வருஷம் சிப்பாய், ஒரு வருஷம் அரபு ராஜா. மேளமும் பிடிலுமாகப் பெரிய மனுஷர் வீடுகளுக்குப் போய், வீட்டுக்காரர் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டிப் பாடி, சர்பத்து குடித்துவிட்டுப் போவார்கள். முப்பது வருஷமாக நான் பார்த்ததுதான். ஆனால் எங்கள் சந்துக்குள் ஒரு வருஷமும் வந்ததில்லை. இங்கே வந்து யாரைப் பாட? இந்த வருஷம் பாய் வீட்டுப் பக்கத்துக் கூட்டம் கட்டிய வேஷம் கடற்கொள்ளைக்காரர் வேஷம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

விளக்கு வைக்கிற நேரம். முதலில் மேளம் கேட்டது. வந்துட்டாங்கடா சந்திரசேகரா என்று அரிசிப் பானைக்குள் கையை விட்டேன். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் கரி பூசிய முகம், தலைத்துணி, கத்தி, எல்லாம் தாங்கள் அச்சடித்தபடி ஒன்று குறையாமல் நிற்கிறது. அப்புறம் என் பெயரைச் சொன்னார்கள். ஒருத்தர் இல்லை, இருபது பேர் சேர்ந்தாற்போல. "சந்துக்குள்ளே சந்திரசேகரன், தங்கமான கிராணியார்" என்று ராகம் போட்டு இழுத்தார்கள். ஐயா, என் பெயரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கல்யாணம் நடந்தபோதுகூடச் சொன்னதில்லை. அதைக் கேட்டுக்கொண்டே சுட்டேன்.

தோட்டா மேளத்தைக் கிழித்துக்கொண்டு போய் முன்னால் நின்ற தலைவன் தோளைச் சிராய்த்துவிட்டது. கொள்ளைக்காரர்கள் "யா அல்லா" என்று நாலு பக்கமும் ஓடினார்கள், ஒருவர் சாக்கடையில் விழுந்தார். தலைவன் மட்டும் ஓடவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, "கிராணியாரே, நாந்தான்" என்றார். விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் கரிக்குள்ளே அலாவுதீன் பாய். சுற்றிலும் மரத்துப்பாக்கியும் அட்டைக் கத்தியும் கிடந்தன. அவர் சம்சாரம் ஆசியா பீவி எனக்கென்று ஆக்கிக் கொடுத்தனுப்பிய நெய்ச்சோறு தட்டோடு மண்ணில் கிடந்தது. நாலு பேர் நிற்கவில்லையே என்று நான் சொன்னேன் அல்லவா, அவர் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நாலு விரல் உள்ளே தள்ளியிருந்தால் ஆளே போயிருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போலீஸ் மாத்தா-மாத்தா இரண்டு பேர் வந்து கேஸ் எழுதப் பார்த்தபோது, "துப்பாக்கியக் காட்டச் சொன்னது நான், தவறி வெடிச்சிருச்சு, போங்கலா" என்று தையல் போட்டுக்கொண்டே சொன்னது அந்த மனுஷன்.

அதோடு முடிந்திருக்கும். மறுநாள் தாங்கள், "கொள்ளைக் கூட்டத்தை ஒண்டியாய் விரட்டிய வீரக் கிழவர், கூட்டத் தலைவன் தோளில் காயத்துடன் தப்பி ஓட்டம்" என்று போட்டீர்கள். அந்த ஒரு நாள் பாய்க்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியது நான் இல்லை, கடைக்கு வந்த வேறு எவனோ. இப்போது தேத்தண்ணி குடிக்க வருகிறவன் எல்லாம் அவர் தோள் கட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறானாம். நான் போய்க் கடை வாசலில் நின்றேன். ஆசியா பீவிதான் வெளியே வந்தது. "அண்ணே, சுட்டதுக்கு அவுகளுக்குக் கோவம் இல்ல. உங்க பத்திரிகையில கொள்ளைக்காரன்னு போட்டாங்கல்ல, அதுலயே இல்லைன்னு போடட்டும், அப்புறம் அந்த வாசலை மிதிக்கிறேங்கிறாக" என்றது. சாயந்திரம் ஆனால் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. உரக்க வாசித்துப் பார்த்தேன், "அதுக்கப்புறம்" என்று கேட்க ஆளில்லை. எனக்கு ஆபத்து என்று தாங்கள் எழுதியதில் என் வீட்டுக்கு உண்மையாக வந்து சேர்ந்த ஆபத்து இது ஒன்றுதான்.

ஆகையால் தயவுசெய்து ஒரு மறுப்பு, அந்தத் தலைப்பு அளவுக்கு வேண்டாம், மிளகு விலைக்குக் கீழே இரண்டு வரி போட்டால் போதும். வந்தது கொள்ளைக் கூட்டமல்ல, போரியா. சுட்டது வீரமல்ல, பயம். காயம்பட்டவர் திருடனல்ல, சந்திரசேகரனுக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே சிநேகிதர். மேலும் கொள்ளைச் செய்திகளைத் தாங்கள் இன்றோடு நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் என் சந்தாவை நிறுத்துவேன். துப்பாக்கியை வருகிற திங்கட்கிழமை போலீசில் ஒப்படைக்கப் போகிறேன். தாங்களும் தங்கள் பிள்ளைகுட்டிகளும் கதவு திறந்து கிடக்கிற வீட்டில், வாசலில் நாலு செருப்பு எப்போதும் கிடக்க, தீர்க்காயுசாக வாழ வேண்டுமென்று ஆசீர்வதிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பத்திரிகையை முதல் வரியிலிருந்து அச்சாபீஸ் விலாசம் வரை விடாமல் வாசிக்கும்,
வை. சந்திரசேகரன்.

பின் குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுச் சட்டையை மாட்டும்போது வாசலில், "கிராணியாரே, சுட்டுப்புடாதிய, நாந்தான்" என்று குரல் கேட்டது. ஆகையால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஒரு தோளில் கட்டு, மறு கையில் தூக்குவாளி, வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். பத்திரிகையில் மறுப்பு வந்தால்தான் வருவேன் என்றீர்களே பாய் என்றேன். "அவன் போடுறப்ப போடட்டும். எவனும் வராத கடையில நான் எம்புட்டு நேரந்தான் செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறது? இன்னைக்கு என்ன போட்டிருக்கான், வாசிங்க" என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். ரங்கூன் கப்பல் தாமதம், பாக்கு விலை, சபைக் கூட்டம். தாங்கள் என்ன நினைத்து இன்றைக்குப் பார்த்து இப்படிச் செய்தீர்களோ, ஒரு கொள்ளைகூட இல்லை. பாய் இரண்டு கொட்டாவி விட்டார், தொப்பியைச் சரி செய்தார், "அப்ப நான் வாரேன்" என்று எழுந்துவிட்டார். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கே இருந்த தலைவலித் தைல விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஜுரு கிராமத்தில் நேற்று முகமூடி அணிந்த ஒன்பது பேர்" என்று வாசித்தேன். பாய் உட்கார்ந்தார். நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம், அதுக்கப்புறம்" என்றார். விளக்கு வைத்த பிறகும் வெகு நேரம் இருந்தார்.

ஆகையால் மேலே எழுதிய மறுப்பு வேண்டியதில்லை, சந்தாவும் நிற்காது. நாளை இதழில் எங்கேயாவது ஒரு சின்னக் கொள்ளையாவது போட்டால் பெரிய உபகாரம், கோழியானாலும் பரவாயில்லை. என் கைவசம் இருந்ததெல்லாம் ஜுருவோடு தீர்ந்துவிட்டது. துப்பாக்கியையும் ஒப்படைக்கப் போவதில்லை. பாய் போகும்போது வாசலில் நின்று இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, லைசென்ஸ் கொடுக்கிற அந்தத் துரை தனக்கும் ஒன்று கொடுப்பாரா என்று கேட்டார். திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம். வரும் வழியில் பாசாரில் எங்கேயாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சொல்லியிருக்கிறார்.