ஆட்டுக் கணவாயை வென்டலின் கடந்த விதம்

முப்பத்தாறு வருடம் இன்ஸ்ப்ரூக் நகரத்தில் டிராம் ஓட்டிய வென்டலின், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் காப்பிக் கோப்பையை மேஜையில் ஓங்கி வைத்து ஒரு சபதம் செய்தார்.

"இத்தனை வருஷம் எவனோ போட்ட தண்டவாளத்துல போனேன். இந்தக் கோடையில என் கால் போற வழியில போகப் போறேன். அஞ்சு நாள், அஞ்சு மலைக்குடில், அத்தனையும் நடை. வழிகாட்டி கிடையாது."

மனைவி நோட்புர்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உன் முட்டிகிட்ட கேட்டியா?"

"முட்டி என்ன சொல்லும், புர்கி? நான் சொன்னா கேட்கும்."

"நீ சொல்லி இந்த வீட்டுல எது கேட்டிருக்கு? பேசாம அக்கா வீட்டுக்குப் போகலாம். ஏரிக்கரை. நிழல். சாய்வு நாற்காலி."

வென்டலின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நோட்புர்காவின் அக்கா கரிந்தியா மாநிலத்தில் ஒரு ஏரிக்கரையில் இருக்கிறாள். அக்கா கணவருக்கு எட்டு வருடத்துக்கு முன்னால் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதை அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

"பந்தயம் கட்டுவோம்," என்றார் வென்டலின். "நான் அஞ்சு குடிலும் நடந்தே முடிச்சா, இனி ஆயுசுக்கும் கோடைன்னா மலைதான்."

"எங்கேயாவது சக்கரத்துல ஏறினா?"

"ஆயுசுக்கும் உங்க அக்கா வீடு."

"நானும் கூட வர்றேன்," என்றாள் நோட்புர்கா. "சாட்சி வேணும்ல?"

முதல் நாள் வென்டலின் முன்னால் நடந்தார். அன்று மாலை, மலை நடப்பவர்கள் இரவு தங்கும் குடிலில் மாவுருண்டை சூப் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரர்களுக்கெல்லாம் மூச்சு விடுவது எப்படி என்று பாடம் நடத்தினார். இரண்டாம் நாள் பாதி வழியில் நோட்புர்கா முன்னால் போனாள். இறக்கத்தில் வென்டலினின் வலது முட்டி தேய்ந்த பிரேக்கைப் போலக் கிரீச்சிட்டது. குடிலுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி, வாசலில் விருந்தினருக்கு அடுக்கியிருந்த செருப்பில் காலை நுழைப்பதற்குள் அவருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் ஆட்டுக் கணவாய். ஆயிரத்து நூறு மீட்டர் ஏற்றம், உச்சியில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலி. அவர்கள் தங்கியிருந்த குடிலில் இருந்து ஒரு ரோப் கார் கீழே இறங்கும். அங்கே பஸ். பஸ் போய்ச் சேரும் ஊரிலிருந்து இன்னொரு ரோப் கார், அடுத்த குடிலுக்கு அரைமணி நடையில் கொண்டுபோய் விடும். வென்டலின் இதைக் குடில் சுவரில் இருந்த வரைபடத்தில் பார்த்தார். பார்த்தவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தோற்பதில்லை என்ற உறுதி அவரிடம் இன்னும் அப்படியே இருந்தது. நடப்பது என்ற உறுதிதான் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது.

காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்தார்.

"புர்கி, உன் குதிகால்ல கொப்புளம் மாதிரி தெரியுதே."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும், அது பின்னாடில இருக்கு! நீ பாவம், ரோப் கார்ல இறங்கி பஸ்ல வந்துடு. பந்தயம் என் காலுக்குத்தானே, உன் காலுக்கு இல்லையே."

"நீ?"

"நான் ஒத்தையா கணவாயைத் தாண்டி வர்றேன்."

"சங்கிலி இருக்காமே?"

"என்னைப் பார்த்தா சங்கிலிக்குப் பயப்படுற ஆள் மாதிரியா தெரியுது?"

நோட்புர்கா ரொட்டியைக் காப்பியில் தோய்த்தாள். "சரி," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்று சொல்லி முப்பது வருடம் ஆகியிருக்கும். வென்டலின் அதை யோசித்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால், வாசல் பக்கம் கிடந்த பெரிய நோட்டில் எல்லோரையும் போல அவரும் எழுதினார்: பெயர், ஊர், அடுத்து எங்கே, எந்த வழியாக. இளவயதில் மீட்புக் குழுவோடு போய், வழியை மாற்றி எழுதிவிட்டுப் போன ஒருவரை மூன்று நாள் தப்பான பள்ளத்தாக்கில் தேடியவர் அவர். அந்த மலைகளில் மனிதர்கள் பாதிரியாரிடம் பொய் சொல்வார்கள், பெண்டாட்டியிடம் சொல்வார்கள், அந்த நோட்டில் மட்டும் பொய் எழுத மாட்டார்கள். வென்டலினின் கையும் தன் பாட்டுக்கு எழுதியது: "ரோப் கார், பஸ், ரோப் கார். மதியம் ஒரு மணிக்குள் சேர்வேன்." நோட்டை மூடினார். திருப்தியாக இருந்தது.

அவருக்குப் பின்னால் கிளம்புகிறவளும் அதே நோட்டில்தான் எழுத வேண்டும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

கணவாய்ப் பாதையில் வீராப்பாக இருநூறு அடி நடந்தார். திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். திருப்பம் வந்ததும் ஒரு ஆட்டுக் கொட்டகைக்குள் நுழைந்துகொண்டார். நோட்புர்கா இறங்கி, பஸ் ஏறிப் போகும்வரை அங்கேயே இருப்பது என்று திட்டம். வைக்கோல் வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது மணி பத்து, தொப்பியில் கால்வாசியை ஆடு தின்றிருந்தது.

ஒன்றே காலுக்கு அடுத்த குடிலுக்குப் போய்ச் சேர்ந்தார். வாசலில் பூட்ஸில் சேறு பூசினார், நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டார், நொண்டாமல் உள்ளே போனார்.

"என் மனைவி எங்கே?"

"யாரும் வரலையே," என்றாள் குடில்காரி.

"காலையிலேயே வந்திருக்கணுமே! பஸ்ல வந்தாளே!"

"காலை பஸ்ல வந்தவங்க நாலு பேரும் தாடிக்காரங்க."

இரண்டு மணி ஆயிற்று. போனில் சிக்னல் இல்லை. வென்டலின் பதறிப்போனார். பந்தயம் மறந்தது, முட்டி மறந்தது. அவளைத் தனியாக அனுப்பிய தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். "மீட்புக் குழுவைக் கூப்பிடு, அம்மா, என் புர்கியைக் காணோம்!" என்று அவர் கத்திக்கொண்டிருந்தபோது, கணவாய்ப் பக்கத்துச் சரிவில் சிவப்புத் தொப்பி ஒன்று இறங்கி வந்தது.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். நோட்புர்காவின் முகம் வெயிலில் கன்றியிருந்தது. கால்சட்டை முட்டிவரை ஈரம்.

"புர்கி! நீ ஏன் இந்தப் பக்கமிருந்து வர்றே?"

"கணவாய் இந்தப் பக்கம்தானே இருக்கு. உனக்குத் தெரியாதா? நீயும் இப்படித்தானே வந்தே?"

"ஆ... ஆமா. பின்னே?"

"வழியில உன்னைப் பார்க்கவே இல்லையே."

"நான் கொஞ்சம் வேகமா நடந்துட்டேன்."

"சங்கிலி எப்படி இருந்துச்சு?"

"கெட்டியா இருந்துச்சு."

"பனிக்கு அடியில புதைஞ்சு கிடக்கு, வென்டலின். கண்ணுக்கே தெரியல."

வென்டலின் பூட்ஸைப் பார்த்தார். சேறு அதற்குள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"நோட்டுல உன் பேருக்குக் கீழேதான் என் பேரை எழுதினேன்," என்றாள். "அப்புறம் கொட்டகையைத் தாண்டும்போது குறட்டைச் சத்தம். ஆடு இந்த ராகத்துல குறட்டை விடாதேன்னு நினைச்சேன்."

"அப்போ நீ ஏன் நடந்தே? பஸ்ல வந்திருக்கலாமே!"

"கணவாய்னு ஒண்ணு இருக்கும்போது நம்ம குடும்பத்துல ஒருத்தராவது தாண்ட வேண்டாமா? ஏறி நின்னு பார்த்தேன் பாரு, அப்பா! அறுபது வயசுல இப்பதான் மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு." அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். வென்டலினுக்கு அது பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆண்பிள்ளையாகத் தோல்வியை ஒப்புக்கொள்வது என்று தீர்மானித்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"சரி. பந்தயம்னா பந்தயம். அடுத்த கோடைக்கு நாம ரெண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போறோம்."

"ரெண்டு பேரா?" நோட்புர்கா செருப்பில் காலை நுழைத்தாள். "உச்சியில சிக்னல் நல்லா இருந்துச்சு. அக்காகிட்ட பேசிட்டேன். உனக்கு மட்டும் ஒத்தைக் கட்டில் போதும்னு சொல்லியிருக்கேன்."