'ஓம்' சொல்ல முடியாத வீடு

சிவமயம்

கொக்குவில்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள வாகீசன் மாமாவுக்கு,

மருமகள் தனுசியா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். லண்டனில் நீங்களும் மாமியும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். மரியாதை இவ்வளவும் போதும், இனிக் கோபத்துடன்தான் எழுதப்போகிறேன். நுளம்பு வலைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் ஒளித்திருந்து எழுதுகிறேன். அப்பா கண்டால் தோலை உரித்துவிடுவார். "அவன் ஆசையாய்ப் பூட்டித் தந்த சாமான், ஒரு குறையும் அவன்ரை காதுக்குப் போகக்கூடாது" என்பது அவருடைய உத்தரவு. தொலைபேசியில் சொல்லலாம் என்றால், எடுத்த எடுப்பிலேயே "ஆர், தனுவோ?" என்று கேட்பீர்கள். நான் என்ன பதில் சொல்வது?

சித்திரையில் வந்தபோது வீடு முழுக்க எட்டு ஸ்பீக்கர் பூட்டினீர்கள். அம்ப்ளிபயரை ஒருவரும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், சொல்லைக் கேட்டால் தானே விழிக்கும், பத்து நிமிடத்தில் தானே உறங்கும் என்றீர்கள். அதற்கு என்ன சொல்லைக் கொடுத்தீர்கள்? "அத்தான், காலமை சாமியறையில 'ஓம்' எண்டு சொன்னாக் காணும், வீடு முழுக்கத் தேவாரம் கேட்கும்!" லண்டனில் 'யெஸ்' சொல்லிச் சொல்லி, இங்கே நாங்கள் எதற்கெல்லாம் ஓம் சொல்வோம் என்பதையே மறந்துவிட்டீர்களா மாமா? சோறு போடவோ என்றால் ஓம், மழை வருமோ என்றால் ஓம், படிச்சு முடிச்சியோ என்றால் பொய்யாக ஓர் ஓம். காலையில் சொன்னால் தேவாரம். மற்ற நேரத்தில் சொன்னால் அப்பா கடைசியாகக் கேட்ட வானொலி. அப்பா வானொலியில் கேட்பது மரண அறிவித்தல் மட்டும்தான்.

அம்ப்ளிபயர் இருக்கும் அலுமாரியைப் பூட்டி, திறப்பை நீங்களே கொண்டுபோய்விட்டீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்தினால் சோலார் பற்றரியில் ஓடுகிறது. சொல்லை மாற்றுவதென்றால் உங்கள் போனில்தான் மாற்றலாமாம். அதனால் எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் தலைதான் ஆட்டுகிறோம், வாய் திறந்தே ஆகவேண்டும் என்றால் 'ஆமா'. அப்பா பழக்கதோஷத்தில் சங்கக்கடையிலும் "ஆமா" என்று சொல்லி, "என்ன கனகரத்தினம், இந்தியச் சீரியல் பாக்கத் தொடங்கீட்டியோ?" என்று கேலி வாங்கிக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் பொறுத்தோம். ஞாயிற்றுக்கிழமை கஜந்தினி அக்காவைப் பெண் பார்க்க நெல்லியடியில் இருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன பிள்ளை, எங்கடை தம்பியைப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார். அக்கா நல்ல தெளிவாக "ஓம்" என்றாள். அவ்வளவுதான். எட்டு ஸ்பீக்கரும் ஒரே குரலில், "அன்னாரின் பூதவுடல் இன்று பிற்பகல்..." என்று தொடங்கின. வடை விழுந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் எழும்பி, "இஞ்சை ஆரும் மோசம் போட்டினமோ?" என்று கேட்டார். "இல்லை, இல்லை, இருங்கோ, உது ரேடியோ!" என்று அப்பா கத்தியது எவருக்கும் கேட்கவில்லை. பத்து நிமிடம் ஊரில் செத்தவர்கள் எல்லோரையும் அறிந்துகொண்டு இருந்தோம். பிறகு அது தானாக உறங்கியது. தகப்பனார் மெதுவாக, "நிண்டிட்டுதோ?" என்றார். அப்பா நெஞ்சில் கை வைத்து, பெருமூச்சு விட்டு, "ஓம்!" என்றார்.

மாப்பிள்ளை பகுதி போய்விட்டது. தரகர் கெஞ்சியதில் வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் வருகிறார்களாம். இதுவே கடைசித் தரம். அக்காவின் கலியாணம் நீங்கள் கொடுத்த ஒரு சொல்லில் தொங்குகிறது. வெள்ளிக்கு முன் அதை மாற்றுங்கள். 'புடலங்காய்' என்று வையுங்கள், எங்கள் வீட்டில் ஒருவரும் அதைச் சாப்பிடுவதுமில்லை, அதைப் பற்றிக் கதைப்பதுமில்லை. காலையில் அம்மா குளிக்கும்போது அவருடைய போனில் இந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அழித்துவிடுவேன். பதில் எழுதிவிடாதீர்கள், நான் செத்தேன். மாற்றியதும் காலை வணக்கம் போட்ட ரோசாப்பூப் படம் ஒன்றை அம்மாவுக்கு அனுப்புங்கள், விளங்கிக்கொள்வேன்.

மாமிக்கும் சின்னவனுக்கும் என் அன்பு. கோபம் உங்கள் ஒருவருக்கு மட்டும்.

இப்படிக்கு,
மருமகள் தனுசியா

பி.கு.: மடிக்கப்போகும்போது அக்கா வலையைத் தூக்கிவிட்டாள். "மாமாவுக்கோ எழுதுறாய்? விசரி, கிழிச்சுப் போடு."

"உனக்காகத்தானேயக்கா எழுதுறன்!"

"எல்லாரும் தலையாட்டிக்கொண்டு இருக்கேக்கை நான் மட்டும் ஏன் வாய் திறந்தனான் எண்டு யோசிச்சனியோ? கலியாணத்துக்குப் பிறகு நான் படிப்பிக்கப் போகக்கூடாதாம். எனக்கு வேண்டாம் எண்டு அப்பாட்டை மூண்டு தரம் சொல்லீட்டன். அவருக்கும் உந்த மெசினுக்கும் ஓம் மட்டும்தான் கேட்கும்."

"அப்ப வேணுமெண்டோ சொன்னனீ?" என்றேன். அவள் கூரையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு என் பேனையைப் பறித்தாள். இந்தத் தாளின் ஓரத்தில் பெரிதாக 'ஓம்' என்று இருப்பது அவளுடைய எழுத்து.

ஆகவே மாமா, வெள்ளிக்கிழமை முடியும்வரை ஒன்றிலும் கை வைக்காதீர்கள். ரோசாப்பூவைச் சனிக்கிழமை அனுப்பலாம். முடிந்தால் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.