ஐந்து சீட்டா, ஏழு சீட்டா?

"மூணு சீட்டு மட்டும் எடுத்துடாத, குரு. அப்புறம் உன்னை யாராலயும் காப்பாத்த முடியாது," என்று உமேஷ் காதருகே சொன்னதும், பாலகுமாருக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

இருவரும் ஆபீஸின் கண்ணாடி மீட்டிங் அறைக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே, பக்கத்து ஆஸ்டின் டவுனிலிருந்து வந்திருந்த, படச் சீட்டு எடுத்துப் பலன் சொல்லும் டாரோ ஜோசியர் அம்புஜம் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தார். ஊழியர்களின் மன உளைச்சலைக் குறைக்க எச்.ஆர். செய்த ஏற்பாடு. விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம் என்று மெயிலில் போட்டிருந்தது. கலந்துகொள்ளாதவர்கள் காரணத்தை எழுதி அனுப்ப வேண்டும் என்றும் அதே மெயிலில் போட்டிருந்தது.

அந்த மன உளைச்சலுக்குக் காரணமும் எச்.ஆர்.தான். மாதக் கடைசிக்குள் ஆட்குறைப்பு என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. பாலகுமாருக்கு நாற்பத்திரண்டு வயது. யாருக்கும் தெரியாமல் வேறொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனபோது, கேள்வி கேட்ட பெண் அவனை "அங்கிள்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அறை வாசலில், சீட்டுகளைப் பரப்பும் முறைகளைச் சொல்லும் ஒரு பலகை இருந்தது. ஒரே வரிசையில் மூன்று சீட்டு என்றால் வேலை. சிலுவை மாதிரி ஐந்து சீட்டு என்றால் குடும்பம். அரைவட்டமாக ஏழு சீட்டு என்றால் உடல்நலம். பத்து என்றால் மொத்த வாழ்க்கை. 'உங்களுக்கு ஏற்ற ஸ்ப்ரெட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள்' என்று கீழே சிரித்த முகம் வேறு வரைந்திருந்தது.

சுவரோ கண்ணாடி. யார் எத்தனை சீட்டு எடுத்தாலும், யாருக்கு என்ன கவலை என்பது அந்த மாடி முழுக்கத் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு மேனேஜர் கணேசமூர்த்தியின் இருக்கை நேர் எதிரில்.

"காலையில ஷங்கர் மூணு எடுத்தான்," என்றான் உமேஷ். "வெளிய வர்றதுக்குள்ள அவன் மேனேஜர் கேட்டுட்டாரு, 'என்னப்பா, வேற எங்கயாவது பாக்கறியா?'ன்னு. பாவம், இன்னும் கேன்டீன்லயே உக்காந்திருக்கான்."

"அப்ப நான் எதைத்தான்டா எடுக்கறது?"

"அஞ்சு எடு மாராயா. குடும்பத்துல யாருக்குத்தான் பிரச்சினை இல்ல? ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க."

பாலகுமார் உள்ளே போய் உட்கார்ந்தான்.

"இன்னா சார் கேள்வி?" என்றார் அம்புஜம்.

"வேலை நிலைக்குமான்னு பாக்கணும் மேடம்," என்றான் உதடு அசையாமல். "ஆனா குடும்ப ஸ்ப்ரெட்லயே பாத்துடுங்க."

"பல்லு வலின்னு வந்துட்டு காதைக் காட்டினா எப்படி சார்?"

"வெளிய பாக்கறாங்க மேடம்."

அம்புஜம் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஐந்து சீட்டைச் சிலுவையாக வைத்துத் திருப்பினார். மூன்றாவது சீட்டில் ஒரு சிவப்பு இதயம். அதில் மூன்று கத்திகள் குத்தி நின்றன.

வெளியே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பாலகுமாரின் போன் அடித்தது. மனைவி சரளா.

"ஏங்க, நமக்குள்ள என்ன பிரச்சினை?"

"ஒண்ணும் இல்லியே!"

"அப்ப உமேஷ் வொய்ஃப் எதுக்கு எனக்கு போன் பண்ணி, 'தைரியமா இருங்க, நாங்க இருக்கோம்'னு சொல்றா?"

"நாம நல்லாதானே இருக்கோம் சரளா?"

"நல்லா இருந்தா எதுக்கு அஞ்சு சீட்டு எடுத்தீங்க? வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்."

போனை வைத்துவிட்டு அம்புஜத்தின் பக்கம் திரும்பினான். "மேடம், இதைக் கலைச்சுடுங்க. ஏழு போடுங்க. உடம்பு சரியில்லன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"உங்க இஷ்டம் சார். கேள்வி?"

"கேள்வி அதேதான்."

ஏழு சீட்டு அரைவட்டமாக உட்கார்ந்தது. நட்டநடுவில், வெள்ளைக் குதிரைமேல் ஓர் எலும்புக்கூடு.

"காபரா ஆவாதீங்க சார். இதுக்கு சாவுன்னு அர்த்தம் கெடயாது. மாற்றம் வரப்போவுதுன்னு அர்த்தம்."

"நீங்க சொல்றது எனக்குக் கேக்குது மேடம். வெளிய நிக்கிறவங்களுக்கு யாரு சொல்றது?"

வெளியே நின்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரை வைத்துவிட்டு, அவன் தோளை அழுத்திவிட்டுப் போனார். இன்சூரன்ஸ் செல்லுபடியாகும் ஆஸ்பத்திரிகளின் விவரத்தை எச்.ஆர். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது. எதிரே கணேசமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பத்து போடுங்க மேடம், ஜல்தி. பத்துன்னா ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியாது."

பத்து சீட்டு என்றதும் சும்மா போனவர்களும் நின்றுவிட்டார்கள். கண்ணாடியில் மூக்குகள் அழுந்தின. அம்புஜம் கடைசிச் சீட்டைத் திருப்பினார். இடி விழுந்து எரியும் கோபுரத்திலிருந்து இரண்டு பேர் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தார்கள். வெளியே பல உதடுகள் சத்தமில்லாமல் ஒன்றாகப் 'பாவம்' என்று அசைந்ததைப் பாலகுமார் பார்த்தான்.

கதவு திறந்தது. "பாலா, ஒரு நிமிஷம் வா," என்றார் கணேசமூர்த்தி.

காபி மெஷின் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல பிரச்சினை, உடம்பும் சரியில்ல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சார், அதெல்லாம் இல்ல சார்…"

"நான் சொல்றதைக் கேளு. நீ இந்த ஜெர்மன் ப்ராஜெக்ட்ட விட்டுடு. திங்கக்கிழமைலேர்ந்து இன்டர்னல் டூல்ஸ் டீமுக்குப் போயிடு. டென்ஷன் இல்லாத வேலை. நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம்."

கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுப்பது ஜெர்மன் ப்ராஜெக்ட். பாலகுமாரும் உமேஷும் அதில்தான் இருந்தார்கள். டூல்ஸ் டீம் ஆபீஸின் சொந்தக் கம்ப்யூட்டர்களையே துடைத்துவைக்கிற இடம். கத்தி வந்தால் முதல் வெட்டு அங்கேதான் என்று கேன்டீனில் எல்லோரும் சொல்வார்கள். வேலை போய்விடுமோ என்று கேட்கப்போய், கேட்டதாலேயே வேலை போகிறதே!

இனி மறைக்க ஒன்றுமில்லை. "சார், என் பொண்டாட்டியும் நானும் நல்லாத்தான் இருக்கோம். எனக்கு சுகர்கூட இல்ல சார். வேலை போயிடுமான்னு பயம், அவ்வளவுதான். அது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் அஞ்சு, ஏழுன்னு மாத்தி மாத்திப் போடச் சொன்னேன்."

கணேசமூர்த்தி அவனையே பார்த்தார். "பாலா, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். காரணம் கேக்காத. போயிடு."

"என்னை ஜெர்மன் ப்ராஜெக்ட்லேர்ந்து மட்டும் எடுத்துடாதீங்க சார். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"நல்லா யோசிச்சுட்டியா?"

"யோசிக்க ஒண்ணுமே இல்ல சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எச்.ஆர். அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "சரி. உன் இஷ்டம்." நேராகப் போய் உமேஷின் தோளில் கை வைத்தார்.

சற்று நேரத்தில் உமேஷ் வெளிறிப்போய் வந்தான். "குரு, என்னைத் தூக்கி டூல்ஸ்ல போட்டுட்டாங்க! நான் என்னடா பாவம் பண்ணேன்?"

"மனசை விட்டுடாதடா. நான் இருக்கேன்ல," என்றான் பாலகுமார். அப்படிச் சொல்லும்போது தன் குரலில் வந்திருந்த தெம்பு அவனுக்கே புதிதாக இருந்தது.

அறைக்குத் திரும்பினான். "உங்க பத்து சீட்டும் அப்படியே கெடக்குதே சார்," என்றார் அம்புஜம்.

"எடுத்து வெச்சுடுங்க மேடம். என் பிரச்சினைய நானே முடிச்சுட்டேன். எங்க மேனேஜர் என்னை ப்ராஜெக்ட்டை விட்டே தூக்கப் பாத்தாரு. கால்ல விழாத குறையா கெஞ்சி அதுலயே இருந்துட்டேன்."

சீட்டுகளை வாரிக்கொண்டிருந்த அம்புஜத்தின் கை நின்றது. "எதிர் சீட்ல உக்காந்திருக்காரே, அவரா சார்?"

"அவரேதான்."

"ஐயோ சார்! காலையில மொத ஆளா வந்து கண்ணு கலங்கிட்டு அவர் கேட்டது இதைத்தான்: 'ப்ராஜெக்ட்டையே மூடறாங்க, அதுலேர்ந்து ஒரே ஒருத்தரைத்தான் என்னால வெளிய எடுத்துக் காப்பாத்த முடியும். யாரை எடுக்கறது?'"